திரை எழுதப் போகும் தம்பிக்கு



உன் வாட்ஸ்அப் செய்தியும், கூடவே அனுப்பிய ஆறு பலகை மாதிரிப் படமும் வந்து சேர்ந்தன. தங்கா பத்துவில் உங்கள் தோட்டத்து அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தயாராகிறது. கருவறை வாசலுக்கு நல்ல திரையாக ஒன்று எழுதிக் கொடு என்று நிர்வாகத்தார் உன்னிடம் கேட்டிருக்கிறார்கள். நீயோ ஜப்பானியத் தங்கத் திரைகளைப் பார்த்து மயங்கிப்போய், அதே மாதிரி தங்கத் தரையில் நட்டநடுவே அம்மனை எழுதி, மடக்குப் பலகையாக நிறுத்திவிடலாமா என்கிறாய். குரல் பதிவில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. உட்கார்ந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

என்ன வரைவது என்று விலாவாரியாகச் சொல்லியிருக்கிறாய். அம்மன் சேலையின் கரை என்ன நிறம் என்பதுவரை யோசித்துவிட்டாய். ஆனால் அந்தத் திரையை இழுக்கப் போவது யார், எப்போது இழுப்பார், இழுத்ததும் துணி எந்தப் பக்கம் ஒதுங்கும், திருவிழா முடிந்தால் எங்கே வைப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஜப்பானியர்களிடம் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கணக்கைத்தான். தங்க ரேக்கும் பைன் மரமும் அவர்கள் வீட்டுக்குப் பொருந்தின, அங்கேயே இருக்கட்டும்.

எமாகி என்கிற கைச்சுருளைப் பார். பத்து மீட்டர் நீளம்கூட இருக்கும். மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் முழுக்க விரித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, அது ஏதோ நீளமான சுவர்ப்படம் என்று நினைத்துவிடாதே. தரையில் வைத்து, இடக்கையால் விரித்துக்கொண்டே வலக்கையால் சுருட்டிக்கொண்டு பார்க்கிற பொருள் அது. கண்ணெதிரே இருப்பது எப்போதும் தோளகலத் துண்டுதான். கதை வலமிருந்து இடமாக ஓடும். இது தெரிந்துதான் ஓவியன் எழுதினான். 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷிகிசான் சுருள்கள் மூன்று இருக்கின்றன. முதல் சுருளில் ஒரு துறவியின் பிச்சைப் பாத்திரம் பணக்காரர் ஒருவரின் நெற்களஞ்சியத்தையே தூக்கிக்கொண்டு பறக்கிறது. விரிக்க ஆரம்பித்தால் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு ஓடுகிறார்கள், கையை நீட்டிக் கத்துகிறார்கள். எதைப் பார்த்து என்று அந்தத் துண்டில் தெரியாது. இன்னும் கொஞ்சம் விரித்தால்தான் களஞ்சியம் வருகிறது, அதுவும் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு. பார்க்கிறவன் கையே கதையை நடத்துகிறது.

மூன்றாவது சுருளில் அந்தத் துறவியின் அக்காள், வயதான பிக்குணி, தம்பியைத் தேடி வருகிறாள். நாரா நகரத்துப் பெரிய புத்தர் கோயிலில் ஓர் இரவு தங்குகிறாள். அந்த ஒரே மண்டபத்துக்குள் அவளைப் பல இடங்களில் எழுதியிருக்கிறான் ஓவியன். வந்து நிற்கிறாள், வணங்குகிறாள், படுத்துத் தூங்குகிறாள், விடிந்ததும் கிளம்புகிறாள். மண்டபம் ஒன்று, அவள் நான்கைந்து பேர். கண் நகர நகர இரவு கழிகிறது. அந்த மண்டபம் 1180-இல் போரில் எரிந்துபோனது. எரிவதற்கு முன் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் அந்தச் சுருளைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

இது ஜப்பானுக்கு மட்டும் உரிய வித்தை என்று எண்ணாதே. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவோடு வந்த மா ஹுவான், நம் மலாக்காவைப் பற்றி எழுதினாரே, அவரே ஜாவாவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஒருவன் தரையில் உட்கார்ந்து படச்சுருளைத் துண்டு துண்டாக விரித்து உரக்கக் கதை சொல்கிறான், சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், அழுகிறார்கள் என்று 15-ஆம் நூற்றாண்டில் குறித்து வைத்தார். வாயாங் பெபெர் என்ற அந்தக் கலையின் பழைய சுருள்கள் ஜாவாவின் பச்சித்தானில் இன்னும் இருக்கின்றன. ராஜஸ்தானில் பாபுஜி கதை பாடும் போப்பாக்களுடைய வழி வேறு. படத்துணியை முழுசாக விரித்துக் கட்டிவிடுவார்கள். ஆனால் பாட்டு இரவில் நடக்கும். பாடகனின் மனைவி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பாடுகிற இடத்தில் மட்டும் வெளிச்சம் விழும். ஜப்பானியன் சுருட்டி மறைத்ததை இவர்கள் இருட்டில் மறைத்தார்கள்.

தொங்கவிடும் சுருளுக்கு, அதாவது ககேஜிகுவுக்கு வருவோம். அது வீட்டின் வரவேற்பறையில் தொகோனோமா என்னும் மாடத்தில் தொங்கும். பருவத்துக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. காரியம் முடிந்ததும் சுருட்டி மரப்பெட்டிக்குள் போய்விடும். அதற்காகவே மெல்லிய காகிதத்தைக் கோதுமை மாப்பசையால் அடுக்கடுக்காக முதுகில் ஒட்டி, சுற்றிலும் பட்டுக் கரை வைத்து, அடியில் உருளைக்கட்டை கோப்பார்கள். அந்தக் கட்டையின் கனம்தான் படத்தை நேராகத் தொங்க வைக்கிறது. பசை தளர்ந்தால் பிரித்து மறுபடி ஒட்டலாம். அதற்கென்றே தனிக் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். வரைந்தவன் பெயர் நமக்குத் தெரிகிறது, ஒட்டியவன் பெயர் தெரிவதில்லை. இது எனக்கு எப்போதும் உறுத்தும்.

இங்கே ஒரு சங்கதி உனக்குப் பிடிக்கும். சோழமண்டலக் கரையில் சாயம் எழுதிய பருத்தித் துணி ஜப்பானுக்குப் போய், சரசா என்ற பெயரில் தேநீர்ச் சடங்குப் பாத்திரங்களைப் பொதியும் பைகளாக மாறியது. கிழிந்த துண்டைக்கூட எறிய மாட்டார்கள். நம் கரைத் துணி கிழக்கே போன வழிகளில் ஒன்று எது என்று நினைக்கிறாய்? 1512-இல் மலாக்காவுக்கு வந்து சேர்ந்த போர்த்துகீசியர் தொமே பிரேஸ், பழவேற்காட்டுத் துணி நம் துறைமுகத்தில் இறங்கியதை எழுதியிருக்கிறார். உன் வீட்டுக்கு அடுத்த ஊர் தஞ்சோங் கிளிங், அந்தத் துணி வணிகர்களின் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது. 1641-இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் ஜப்பானில் அவர்களை நாகசாகியின் தேஜிமா தீவுக்குள் ஒதுக்கினார்கள். கப்பல் போக்குவரத்து நிற்கவில்லை. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் தொராஜா மக்கள் நம் கரைத் துணியைக் குலச்சொத்தாகக் கூடைக்குள் பூட்டி வைத்து, சடங்கு நாளில் மட்டும் வெளியே எடுப்பார்கள். ஆக, ஜப்பானைப் பார்த்து நீ ஏங்குகிறாயே, அவர்கள் பெட்டிக்குள் பொத்தி வைத்த துணியில் நம் ஆள் எழுதிய கோடும் உண்டு.

இனி நீ கேட்ட மடக்குத்திரை, பியோபு. ஆரம்பத்தில் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனிக் கரை வைத்து, கயிற்றால் கோத்துக் கட்டினார்கள். பிறகு காகிதக் கீல் வந்தது. இரண்டு பக்கமும் மடங்கும் கீல். அது வந்த பிறகுதான் கரைகள் மறைந்து, ஆறு பலகையிலும் ஒரே படம் ஓட முடிந்தது. ஒரு கீல் ஓவியத்தையே மாற்றிவிட்டது, பார்த்துக்கொள். ஓகாதா கோரின் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஐரிஸ் பூத்திரையை நீ செல்பேசியில் தட்டையாகத்தான் பார்த்திருப்பாய். நீலப் பூ, பச்சை இலை, தங்கத் தரை, வேறொன்றும் இல்லை. நிறுத்தும்போது அது வளைந்து வளைந்து நிற்கும். சில பூக்கள் முன்னே வரும், சில உள்ளே போகும். தோக்கியோவின் நெசு மியூசியத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, பூ பூக்கும் காலத்தை ஒட்டி, ஏறக்குறைய ஒரு மாதம் மட்டும் வைக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் உள்ளே.

தங்கத்துக்கும் காரணம் உண்டு. மின்விளக்கு இல்லாத காலத்து ஆழமான அறைகள் அவை. தோட்டத்திலிருந்து காகிதக் கதவு வழியே வடிகட்டி வரும் வெளிச்சத்தைத் தங்க ரேக் வாங்கி மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். ஜப்பானிய எழுத்தாளர் தனிசாக்கி 1933-இல் நிழலைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். உங்கள் கோயிலில் என்ன இருக்கிறது? டியூப் லைட், சீரியல் பல்பு, அம்மன் தலைக்குப் பின்னால் சுழலும் எல்இடி சக்கரம். அந்த வெளிச்சத்தில் தங்கத் தரை கண்ணைக் கூசும், அம்மன் முகம் தெரியாது. நிர்வாகத்தாரிடம் எல்இடியை எடுக்கச் சொல்லிச் சண்டைக்குப் போகாதே, ஜெயிக்க மாட்டாய். நீ தங்கத்தை விடு.

அம்மனை நடுவில் எழுதுவதையும் விடு. உங்கள் கருவறைத் திரை கம்பியில் வளையம் கோத்து, நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் ஒதுங்குகிற திரை. தீபாராதனை மணி அடித்ததும் குருக்கள் இழுப்பார். நீ எழுதிய அம்மனின் முகம் மூக்கு நடுவே இரண்டாகப் பிளக்கும். ஒரு கண் இடப்பக்கம், ஒரு கண் வலப்பக்கம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இது நடக்கும். தோட்டத்துப் பாட்டிகள் உன்னைச் சும்மா விடுவார்களா? அதோடு, உள்ளே இருப்பவள் நிஜ அம்மன். வாசலில் அவளுடைய படத்தைத் தொங்கவிட்டால் திரை எதை மறைக்கிறது?

இதற்கு விடை சோதாட்சு என்ற ஜப்பானிய ஓவியரிடம் இருக்கிறது. கியோத்தோவின் கென்னின்ஜி கோயிலுக்குரிய காற்றுத் தேவன், இடித் தேவன் திரை. இரண்டு திரைகள், ஆளுக்கு இரண்டு பலகை. வலக்கோடியில் காற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு பச்சை உடம்போடு ஒருவன் ஓடி வருகிறான். இடக்கோடியில் பறைகளைச் சுற்றிலும் மாட்டிக்கொண்டு வெள்ளை உடம்போடு இன்னொருவன். இருவரும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் வெறுமை, முழுக்க வெறுமை. பார்க்கிறவன் கண் அந்த வெற்றிடத்தில்தான் போய் நிற்கும், ஏதோ நடக்கப் போகிறது என்று. உன் திரையில் இரண்டு ஓரமும் காவலுக்கு இரண்டு பேர், நடுவில் வெறும் துணி. திரை விலகும்போது காவலர்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி வழிவிடுவார்கள். நடுவில் அம்மன் வந்து நிற்பாள். துவாரபாலகிகளை எழுதுவாயோ, முனியாண்டியையும் மதுரைவீரனையும் எழுதுவாயோ, அது உன் பாடு. நான் முனியாண்டி பக்கம். உங்கள் தோட்டத்துக்காரர்களுக்கு அவரைத்தான் நன்றாகத் தெரியும்.

அந்தத் திரையின் கதை அதோடு முடியவில்லை. கோரின் அதைப் பார்த்து ஒரு பிரதி எழுதினார். அவருக்கு நூறு ஆண்டு கழித்து, 1821 வாக்கில், சாக்காய் ஹோயிட்சு அந்தப் பிரதியின் முதுகில் புல்லை எழுதினார். இடித் தேவனின் பின்னால் மழையில் நனைந்து துவண்ட கோடைப்புல். காற்றுத் தேவனின் பின்னால் காற்றில் சாய்ந்த இலையுதிர்காலப் புல். முன்பக்கம் நடந்தது பின்பக்கம் என்ன செய்தது என்பது படம். இப்போது பாதுகாப்புக்காக இரண்டையும் பிரித்துவிட்டார்கள், அதனால் புத்தகத்தில் தனித்தனியாகத்தான் வரும். உன் திரைக்கும் முதுகு உண்டு. அதைப் பார்க்கப் போவது குருக்களும் அம்மனும். சிதம்பரத்தில் ரகசியத்தை மறைக்கும் திரை வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு. முதுகை வெள்ளையாக விட்டுவிடாதே. வேப்பிலைக் கொத்து நாலு எழுதினாலும் போதும்.

பார், சிதம்பரத்துக்கே வந்துவிட்டோம். திரையைப் பற்றிக் கற்க நமக்குச் சொந்த வீட்டிலேயே நிறைய இருக்கிறது. வடலூரில் வள்ளலார் 1872-இல் தொடங்கிய ஜோதி தரிசனத்தில் திரைகள் ஏழு, ஒவ்வொன்றும் ஒரு நிறம். தைப்பூசத்தன்று ஏழும் விலகும், மாதப் பூசத்தில் ஆறுதான். அந்தத் துணிகளில் படமே இல்லை, நிறமும் வரிசையுமே வேலையைச் செய்துவிடுகின்றன. தெருக்கூத்தில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னாலிருந்து வேஷக்காரன் பாடுவான், சலங்கை கேட்கும், கிரீடத்தின் நுனி தெரியும், முகம் தெரியாது. துரியோதனன் வரப்போகிறான் என்று ஊருக்கே தெரிந்தாலும் துணி விலகுகிறவரை ஊர் காத்துக்கொண்டு நிற்கும். பிறகு கம்பெனி நாடகம் வந்தது. அரண்மனை, காடு, தெரு என்று படுதாவில் எழுதி, உருளையில் சுற்றி, கயிற்றை இழுத்தால் சரசரவென்று இறங்கும். நம் வீட்டுச் சாமி அறைகளில் மாட்டியிருக்கிற காலண்டர் படங்களின் பிதாமகர் கோவில்பட்டி கொண்டையராஜுவும் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர்தான். அவர் முருகனுக்குப் பின்னால் இருக்கிற மலையையும் அருவியையும் ஒருமுறை உற்றுப் பார். பின்னால் ஒரு படுதா தொங்குவது தெரியும்.

தஞ்சைப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரித் துணி எழுதும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் எழுதும் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் எழுதுவது சட்டம் போட்டு மாட்டும் படமில்லை. தேரிலும் பந்தலிலும் உருளையாகத் தொங்கும் தொம்பை, வாசலுக்குத் தோரணம், மேலே கட்டும் விதானம், குடைத்துணி. தொம்பை காற்றில் சுற்றும், ஆகவே அதில் முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது. விதானத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள், ஆகவே நடுவில் தாமரை வைத்துச் சுற்றிலும் எழுதுவார்கள். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போவாய் அல்லவா, அப்போது தேர்த் துணிகளை இந்தக் கண்ணோடு பார்.

பொருளுக்கு வருகிறேன். காகிதமும் மாப்பசையும் மலாக்காக் காற்றுக்கு ஆகாது. கடலோர ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி தின்னும், மடக்குத்திரை என்ற பேச்சை மறந்துவிடு. அக்ரிலிக்கைக் கெட்டியாகப் பூசினால் துணி தகரம் மாதிரி விறைக்கும், இழுத்து இழுத்து மடிப்பு விழுந்த இடத்தில் வெடிக்கும். பருத்தியில் கலம்காரி முறையே சரி. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் நனைத்துக் காயவிடு. பாலின் கொழுப்பு, எழுதுகிற கோடு பரவி ஓடாமல் பிடித்துக்கொள்ளும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் சில வாரம் புளிக்க வைத்தால் கிடைக்கிற நீர், கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தடவி, மஞ்சிட்டி வேரோடு வேகவை. கடுக்காயும் மஞ்சிட்டியும் நாட்டு மருந்துக்கடையில் கேட்டுப் பார். சாயம் நூலுக்குள்ளேயே போய்விடுவதால் இழுத்தாலும் சுருட்டினாலும் உதிராது. ஜப்பானில் கல்லை அரைத்த நிறப்பொடியை விலங்குத் தோலைக் காய்ச்சிய பசையில் குழைப்பார்கள். யூடியூபில் பார்த்துவிட்டு அதை வாங்கிக் கொண்டுவந்து கருவறை வாசலில் பூசிவிடாதே. ஒட்ட வேண்டிய இடத்தில் வேலம்பிசின் போதும். ககேஜிகுவின் அடிக்கட்டை செய்கிற வேலைக்குக் கீழ் மடிப்பில் மெல்லிய பித்தளைச் சங்கிலி ஒன்றை வைத்துத் தைத்துவிடு, துணி மின்விசிறிக் காற்றுக்குப் பறந்து கற்பூரத் தட்டில் விழாது.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் கூட்டத்தில் யாராவது ஒருவர், இதையே பிளெக்ஸில் அடித்தால் நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடுமே என்பார். கோபப்படாதே. பந்தலில் தொங்கும் வரவேற்புப் பலகைக்குப் பிளெக்ஸ் சரியான பொருள்தான், மழையில் நனையும், விழா முடிந்தால் எறிவார்கள். தினமும் கை படுகிற, நெருப்புக்குப் பக்கத்தில் தொங்குகிற, ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டிய துணி வேறு என்று பொருளாளருக்கு எடுத்துச் சொல். கூலியைச் சொல்லும்போது சுருட்டி வைக்க ஒரு மூங்கில் உருளைக்கும் மரப்பெட்டிக்கும் சேர்த்தே சொல். மடித்து அலமாரியில் திணிக்கக் கூடாது என்று பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டு. விசேஷத்துக்கு இந்தத் திரை, மற்ற நாளைக்குச் சாதாரணச் சிவப்புத் துணி என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எப்போதும் தொங்குகிற படத்தைக் கொஞ்ச நாளில் யாரும் பார்ப்பதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்குப் போய், முன்வரிசையில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று திரையை மட்டும் பார். அபிஷேகமும் அலங்காரமும் நடக்கிற நேரமெல்லாம் அது சாத்தியிருக்கும், ஜனங்கள் வேறு வழியில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உன் ஓவியத்துக்குக் கிடைக்கிற நேரம் அதுதான். பூசை முடிந்ததும் குருக்களிடம் பேசு. வாசலின் உயரம் அகலம், கம்பி இருக்கும் உயரம், விளக்குக்கும் துணிக்கும் இடையே எவ்வளவு தூரம், இழுத்தால் இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் ஒதுங்கக் கிடைக்கிறது என்பதையெல்லாம் டேப் வைத்து அளந்து எனக்கு அனுப்பு. அதற்கு முன் நிர்வாகத்தாரிடம் எந்த மாதிரிப் படத்தையும் காட்டாதே.

அன்புடன்,
அண்ணன்
மலாக்கா